தாய்மாமன் மடி

ஆண்டிமடம்
2.6.2024

அன்புத் தம்பி கலைச்செல்வனுக்கு,

அக்கா மணிமொழி எழுதுகிறேன். இங்கே நான், மாமா, இலக்கியா மூன்று பேரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சார்ஜாவில் வெயில் கொளுத்துவதாக டிவியில் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கிறாயா, இல்லை டீயிலேயே பொழுதை ஓட்டுகிறாயா?

போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டரில் கடிதமாக அடிக்கிறேன். காலையிலிருந்து சர்வர் படுத்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்களெல்லாம் வேப்ப மரத்தடியில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் திட்டி முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இலக்கியாவுக்கு ஆவணியில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவு செய்திருக்கிறோம். இப்போது அஞ்சு வயது. பங்குனி வந்தால் ஆறு. ஆறில் குத்தும் வழக்கம் மாமா வீட்டில் கிடையாது, விட்டால் ஏழு வரைக்கும் காத்திருக்க வேண்டும். முடியும் இடுப்பைத் தொட்டுவிட்டது. தினமும் சிக்கெடுப்பதற்குள் அவள் அழுது, நானும் அழுது, பள்ளிக்கூட வேன் போய்விடுகிறது.

மடி உன்னுடையது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருத்தன்தான். போன வருஷம் மாமாவின் அண்ணன் மகளுக்குக் குத்தியபோது தாய்மாமன்கள் மூன்று பேர் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். அப்போதே அந்த மூத்தார் என்னைப் பார்த்து, "ஒங்க பக்கம் யாரும்மா வருவா?" என்று கேட்டார். "என் தம்பி ஒருத்தன் மணையில ஒக்காந்தா போதும், பந்தல் நெறஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதைக் காப்பாற்று.

பிளெக்ஸ் பேனருக்கு முழு உயரத்தில் ஒரு போட்டோ அனுப்பு. லீவு எப்போது என்று எழுது.

அன்புடன்,
அக்கா


சார்ஜா
8.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். தண்ணீரும் குடிக்கிறேன், டீயும் குடிக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல். இலக்கியாவின் முடியை விற்றுவிடாதே, எனக்கு முன்னால் வழுக்கை விழுந்துகொண்டிருக்கிறது.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கீபோர்டை உடைக்கக் கூடாது. ஆவணியில் என்னால் வர முடியாது. இந்த வருஷத்து லீவை ஜூலைக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் ஆகிவிட்டது. நானும் எறையூர் அரியமுத்துவும் கிர்கிஸ்தான் போகிறோம். நாடு முழுக்க மலை. ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, ரோடே இல்லாத இடங்களில் நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். ஜீப்பின் தலையிலேயே கூடாரம் மடித்து வைத்திருப்பார்கள். எந்த ஏரிக்கரை பிடிக்கிறதோ அங்கே விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஆறு வருஷமாகக் குளிர்சாதனக் கிடங்குக்குள் மிஷினை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிஷின் போடாத குளிரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

காது குத்தைத் தைக்குத் தள்ளிவை அக்கா. தையில் நிச்சயம் வருவேன். மடி எங்கேயும் ஓடிப்போகாது.

உன் தம்பி,
கலை


ஆண்டிமடம்
10.6.2024

கலைச்செல்வனுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. ஊருக்கு வர லீவு கிடையாது, ஊர் சுற்ற லீவு இருக்கிறது. அக்கா மகள் காதைவிட உனக்கு ஏரிக்கரை பெரிதாகப் போய்விட்டது.

நேற்று மூத்தார் வந்திருந்தார். தள்ளிப்போகிறது என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். "தாய்மாமன் இல்லன்னா என்னம்மா, என் மச்சான் மடியில ஒக்கார வெச்சுக் குத்திடலாம்" என்கிறார். என் மகளுக்கு இரவல் மடி.

நீ போ. நன்றாகப் போ. அந்த மலையிலேயே கிட. தையிலும் வர வேண்டாம். இனிமேல் உன் கால் என் வீட்டு வாசப்படியில் படக் கூடாது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. யோசித்துத்தான் அடிக்கிறேன்.

மணிமொழி


கோச்கோர், கிர்கிஸ்தான்
17.7.2024

அன்பும் கோபமும் நிறைந்த அக்காவுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் நலம். நீயும் மாமாவும் இலக்கியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக நீ போனை எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் இந்த மலையைப் பார்த்த பிறகு யாரோடும் சண்டையாக இருக்க முடியவில்லை.

ஆடி மாதத்தில் பனி கிடக்கிறது அக்கா. ஓடைத் தண்ணீரில் கையை வைத்தால் மரத்துவிடுகிறது. குதிரைப் பால் கொடுத்தார்கள். அரியமுத்து நம் ஊர் புளித்த மோர் என்று நினைத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு நாள் முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். நேற்று ஒரு மேட்டில் ஜீப் திணறி நின்றது. நான் என்னையறியாமல் குதித்து, ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். பாலிடெக்னிக் லீவில் கரும்பு டிராக்டரில் போவேனே, ஞாபகம் இருக்கிறதா? எறையூர் ஆலை மேட்டில் லோடு பின்னால் வந்தால் நான்தானே குதித்துக் கல் வைப்பேன். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அரியமுத்து, "எங்க ஊரு ஹேண்ட் பிரேக் சார்" என்று தமிழிலேயே அவருக்கு விளக்கம் சொன்னான்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஜீப்பின் பம்பரில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், முழு உயரம். பேனருக்கு இதையே போடு. தையில் வருவேன், நீ கதவைச் சாத்தினாலும் வருவேன். நாளைக்கு மேலே ஏரிக்குப் போகிறோம். அங்கே டவர் கிடையாது. இறங்கியதும் எழுதுகிறேன்.

உன் தம்பி,
கலை


ஆண்டிமடம்
5.8.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாக சார்ஜா திரும்பியிருப்பாய் என்று நினைக்கிறேன். இறங்கியதும் எழுதுகிறேன் என்றாய். இறங்க இவ்வளவு நாளா ஆகும்?

கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் காது குத்தைத் தைக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். மாமாதான் அவருடைய அண்ணனிடம் பேசினார். "அவன் வருவாண்ண, வராம எங்க போவான்" என்று உன் சார்பில் அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். உன் போன் அணைந்தே கிடக்கிறது. போட்டோவை இலக்கியா பார்த்துவிட்டு, "மாமா ஏன் ஜீப்ப மிதிக்கிறாரு, சாமி குத்தம் ஆகாதா?" என்று கேட்கிறாள். நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

அக்கா


ஆண்டிமடம்
22.8.2024

கலை,

சுகமா? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. நேற்று உன் போன் அடித்தது, நீ எடுக்கவில்லை. அரியமுத்துவும் எடுக்கவில்லை. ஒரு ஆதார் திருத்தத்தில் நான் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டேன். அந்த ஆள் நல்லவேளை பார்த்துவிட்டார்.

அக்கா


சார்ஜா
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல்.

போன் ஓடையில் விழுந்துவிட்டது. புது போனில் பேச்சு சரியாகக் கேட்பதில்லை, அதனால் எடுக்கவில்லை. வந்ததிலிருந்து வேலை அதிகம். எழுத முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள். மலை நன்றாக இருந்தது.

தையில் வருகிறேன். தேதி மட்டும் கடைசி வாரமாகப் பார்த்து வைக்கச் சொல். எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மாமாவுக்கு என் வணக்கம்.

கலைச்செல்வன்


ஆண்டிமடம்
14.10.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழை ஆரம்பித்துவிட்டது. முந்திரித் தோப்பு ஓரத்தில் தண்ணீர் தேங்கி, பள்ளிக்கூட வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. உன் சுகத்தைப் பற்றி நீ எழுதிய ஒரு சொல்லை நான் பல தடவை படித்துவிட்டேன். அரியமுத்து குதிரைப் பால் குடித்த கதையை அவ்வளவு விவரமாக எழுதுகிறவன், ஏரியைப் பற்றி 'மலை நன்றாக இருந்தது' என்று முடித்துவிட்டாய். ஏரி இருந்ததா இல்லையா?

என் மேல் கோபம் என்று புரிகிறது. வாசப்படி என்று நான் எழுதியது தப்புதான். அம்மா இருந்திருந்தால் வாயிலேயே போட்டிருக்கும். மறந்துவிடு.

தை கடைசி வெள்ளி என்று நாள் குறித்தாகிவிட்டது. மலையில் எடுத்த போட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாய், முகம் தெரியவில்லை என்று பேனர் போடுகிறவர் சொல்கிறார். புதிதாக ஒன்று முழு உயரத்தில் அனுப்பு. வேட்டி கட்டி நின்றால் இன்னும் நல்லது.

அக்கா


சார்ஜா
3.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். தீபாவளிக்கு இலக்கியா வெடி வெடித்தாளா?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வாசப்படிப் பேச்சை நீ இனிமேல் எடுக்கவே கூடாது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் எடுத்துக்கொள்ளாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறேன். இடுப்புக்கு மேலே இருந்தால் போதும், பேனரில் இப்போதெல்லாம் அப்படித்தான் போடுகிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். காது குத்தும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாமா? வேட்டிக்குப் பதில் பேன்ட் போட்டுக்கொண்டால் ஏதாவது சொல்வார்களா? குளிர்சாதனக் கிடங்கில் நின்று நின்று முட்டி கொஞ்சம் பிடித்திருக்கிறது. மாமாவிடம் கேட்டு எழுது.

கலை


ஆண்டிமடம்
6.11.2024

கலை,

எல்லாரும் இருக்கிறோம்.

மாமாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த மூத்தார் சொல்லிவிட்டார். "சார்ஜா தொரைக்குத் தரையில ஒக்கார முடியாதாமா? சோபா வேணுமா, கட்டிலு வேணுமான்னு கேளு." மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

மணையில் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவன்தான் தாய்மாமன். முட்டி பிடித்திருந்தால் தைலம் தேய். இருபத்தொன்பது வயதில் என்ன முட்டி?

மூன்று போட்டோவிலும் ஒரே நாற்காலி. மூன்றிலும் ஒரே சட்டை. கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. நீ எதையோ மறைக்கிறாய். வேலை போய்விட்டதா, யாரையாவது கல்யாணம் செய்துகொண்டாயா, ஜெயிலில் இருந்தாயா, எதுவானாலும் சொல். நீ சொல்லாவிட்டால் பஸ் பிடித்து எறையூர் போய் அரியமுத்துவின் அம்மாவைக் கேட்பேன். சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


சார்ஜா
19.11.2024

மதிப்பிற்குரிய மணிமொழி அக்காவுக்கு,

அரியமுத்து எழுதுகிறேன். அக்கா, மாமா, பாப்பா எல்லாரும் நல்லா இருக்கணும். நீங்கள் எறையூருக்கு வந்து போனதாக என் அம்மா போனில் சொன்னது. கலைக்கு இப்போது ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் அதுக்குத் தெரியும். அதைக் கேட்டதும் நீங்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டீர்களாம். இனி மறைப்பது சரியில்லை. கலைக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஏரிக்கு ஏறும் வழியில் ஒரு ஓடையைத் தாண்டினோம். வண்டி என் கையில் இருந்தது. ஓடையை விட்டு ஏறுகிற மேட்டில் ஜீப் பின்னால் சறுக்கியது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. நான் வேண்டாம்டா என்று கத்துவதற்குள் அவன் குதித்துவிட்டான். கல்லை எடுத்துப் பின்சக்கரத்தில் வைத்தான். நம் ஆலை மேட்டில் அடியில் தார் ரோடு அக்கா, கல் அசையாது. அங்கே அடியில் சேறு. கல்லோடு சேர்ந்து சக்கரமும் அவன் காலில் இறங்கிவிட்டது.

ஆடு மேய்க்கிறவர்கள் குதிரையில் வந்துதான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ரொம்ப நேரமாகிவிட்டது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது புண் ஆறிவிட்டது. செயற்கைக் கால் பொருத்தி நடந்து பழகுகிறான். கம்பெனியில் வேலையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கண் விழித்ததும் காலைப் பற்றி அவன் கேட்கவில்லை. "அக்காவுக்குச் சொல்லிட்டியா?" என்றான். இல்லை என்றதும், "சொல்லாதடா. அது கோவத்துல என் காலப் பத்தி ஒரு வார்த்த எழுதிருச்சு. இது தெரிஞ்சா தன் வாயாலதான் ஆச்சுன்னு சாவுற வரைக்கும் அழுவும். நான் நடந்து போயி அது வூட்டு வாசப்படி ஏறி நின்னுட்டு அப்பறம் சொல்லிக்கிறேன்" என்றான். அதற்காகத்தான் தை கடைசிக்குத் தள்ளச் சொன்னது. படி ஏறப் பழகிவிட்டான். சம்மணம் போடத்தான் வரவில்லை. தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து முயற்சி பண்ணுகிறான். நான் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவேன்.

நீங்கள் சொன்ன வார்த்தையால் ஆகவில்லை அக்கா. கல் சறுக்கியதால் ஆனது. நான் ஓட்டியதால் ஆனது. உங்கள் வார்த்தையால் ஆகவில்லை. திரும்பத் திரும்ப இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

இப்படிக்கு,
அரியமுத்து


ஆண்டிமடம்
8.12.2024

என் தங்கத் தம்பிக்கு,

இலக்கியா சுகம். மாமா சுகம். நான் பரவாயில்லை.

அரியமுத்து எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே, நான் நெருக்கினேன். கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சர்வர் நன்றாக வேலை செய்தது. வரிசையில் ஆள் நின்றார்கள். எல்லாருக்கும் சான்றிதழ் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் வந்த நாட்களிலும் அழுதேன். என் வாயால் ஆகவில்லை என்று அவன் அத்தனை தடவை எழுதியிருக்கிறான். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. இந்தப் பயம் என்னை விட்டுப் போகாது. நீ ஒருத்தனாகச் சுமந்தாய், இப்போது அதில் பாதி என்னிடம் இருக்கிறது. அது போதும். வலியில் கிடந்தபோது என்னைக் கூப்பிடாமல் இருந்தாயே, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

காதுகுத்த வரும் ஆசாரி உத்திராபதியைப் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் ஆகுமா என்று கேட்டேன். "புள்ள மடியில இருக்கணும்மா. மடி தரையில இருக்கணும்னு எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுக்கல" என்றார். மூத்தாரிடம் மாமா போய் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் மூத்தார் தன் வீட்டுத் தேக்கு நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நம் கூடத்தில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நீ சம்மணம் போடப் பழகுவதை இன்றோடு நிறுத்து.

பேன்ட்டோ வேட்டியோ, எது உனக்குச் சுலபமோ அதைக் கட்டு. பேனருக்குப் புதுப் போட்டோ அனுப்பு. முழு உயரத்தில் வேண்டும். இப்போது எப்படி நிற்கிறாயோ அப்படியே நின்று எடு.

நீ என் வாசப்படியில் ஏறிக் காட்டுவதாக அரியமுத்துவிடம் சொன்னாயாம். அது நடக்காது. போன செவ்வாய்க்கிழமை கொத்தனாரை வரச் சொல்லி வாசப்படி மூன்றையும் இடித்துவிட்டேன். நல்லா இருக்கிற படியை ஏம்மா இடிக்கிறீங்க என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தெருவிலிருந்து கூடம் வரைக்கும் சரிவாகப் பூசி, காலுக்குப் பிடிப்பு இருக்கட்டும் என்று மேலே கோடு இழுக்கச் சொன்னேன். ஈரம் காய்வதற்குள் இலக்கியா அதில் நடந்துவிட்டாள். அவள் பாதம் இரண்டும் பதிந்து கிடக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி இந்த வீட்டுக்கு வாசப்படி இல்லை. நீ வா.

உன் அக்கா,
மணிமொழி